பீட்ரூட் சாறும் ஒரு டிக்கும்

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பெரியவள் மூன்று பேர் வாயால் பீட்ரூட் என்ற சொல்லைக் கேட்டுவிட்டாள்.

முதலில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி. அடுத்து ஆஸ்பத்திரி வாசல் காவலாளி. அவர் பிளாஸ்டிக் பாட்டிலில் சிவப்பாக ஏதோ தளும்பியது. மூன்றாவதாக அவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வந்து நின்ற இளம் டாக்டர்.

"மேடம், 'அஞ்சு கேள்வி' எழுதறது உங்க தங்கச்சியாமே! சொல்லவே இல்லையே நீங்க?"

"கேட்கவே இல்லையே நீங்க."

"பீட்ரூட் பக்கம் அபாரம். எங்க அம்மா தலைமாட்டுலயே வச்சிருக்காங்க."

பெரியவள் கம்ப்யூட்டரை முடுக்கினாள். "படிச்சப்போ உங்களுக்கு எதுவும் தோணலையா டாக்டர்?"

"தோணிச்சு மேடம். அம்மாவுக்கு ஒரு ஜூஸர் வாங்கித் தரலாம்னு."

ஐந்தரை வருடம் மருத்துவம் படித்த பிள்ளை! பெரியவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் யார் தலையில் என்பதுதான் கேள்வி.

போன வாரம் எங்கே விட்டோம் என்று வாசகர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரியவள் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் பதினாறு வருடமாகப் புள்ளிவிவரம் பார்க்கிறவள். எந்த மருந்து எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்பதைக் கூட்டிக் கழித்துச் சொல்வது அவள் வேலை. சின்னவள் பத்திரிகைக்காரி. இதைச் சாப்பிட்டால் ஆயுள் கூடும், அதைச் சாப்பிட்டால் இதயம் நிற்கும் என்று தினம் ஒன்றாக வருகிற ஆராய்ச்சிச் செய்திகளை ஐந்து கேள்வி கேட்டு உரித்துக் காட்டுவது அவளுடைய சனிக்கிழமைப் பக்கம்.

யாரை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள்? எத்தனை பேர்? எத்தனை நாள்? எதோடு ஒப்பிட்டார்கள்? யார் செலவில்? இவ்வளவுதான் அந்த ஐந்து கேள்வி. இந்த ஐந்தையும் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுச் சமையலறையில், பட்டாணி உரித்துக்கொண்டே தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தது பெரியவள்தான். சின்னவள் அன்று ஒரு பழைய ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டாள்.

போன புதன்கிழமை பத்திரிகை ஆண்டு விழாவில் சின்னவளுக்கு மேடையில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். நன்றி சொல்ல வந்தவள், "இந்த அஞ்சு கேள்வி ஒரு சமையலறையில பொறந்தது" என்றாள். சபை சிரித்துக் கைதட்டியது. அப்பா எழுந்து நின்று தட்டினார். யாருடைய சமையலறை என்று சின்னவள் சொல்லவில்லை. தங்கையின் கைப்பையையும் மாற்றுச் செருப்புப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவளுக்குக் கைதட்டக் கை ஒழியவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அச்சுக்குப் போகும் பக்கம் போனில் வந்தது. ஆறு வருடப் பழக்கம் இது. புதன்கிழமை சின்னவள் அனுப்புவாள். பெரியவள் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் சொல்லுவாள். இல்லாவிட்டால் ஒரே ஒரு டிக்.

'மாத்திரைக்கு மாற்று பீட்ரூட் சாறு!' என்பது தலைப்பு. கீழே சின்னவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அக்கா, விழா அலைச்சல்ல அவங்க அனுப்பின செய்திக்குறிப்பை மட்டும் பாத்து எழுதினது. தலைப்பு எனக்கே உறுத்துது. நல்லாப் பாரு."

பெரியவள் நல்லாவே பார்த்தாள். அந்த ஆராய்ச்சியை அவள் முழுசாகப் படித்திருந்தாள். மொத்தம் முப்பத்து நான்கு பேர். எல்லோரும் விளையாட்டுக் கல்லூரி மாணவர்கள், இருபத்து நாலு வயதைத் தாண்டாதவர்கள். மூன்று வாரம் சாறு குடித்ததில் இரத்த அழுத்தம் சராசரியாக நாலே நாலு புள்ளி இறங்கியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. செலவு ஒரு பழச்சாறு கம்பெனி. ஊருக்கெல்லாம் ஐந்து கேள்வி கற்றுக்கொடுக்கிற சின்னவள் அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கேட்காமல் எழுதியிருந்தாள்.

பெரியவள் கட்டைவிரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு டிக்கைப் போட்டது.

விழட்டும் என்றுதான் போட்டாள். சனிக்கிழமை பக்கம் வெளிவரும், யாராவது ஒரு பேராசிரியர் பிரித்து மேய்வார், கேடயத்தை வைத்த இடம் தெரியாமல் சின்னவள் கைபிசைந்துகொண்டு தன்னிடம் வந்து நிற்பாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். பதினாறு வருடம் புள்ளிவிவரம் பார்த்தவளின் கணக்கு இந்த ஒரு இடத்தில் பொய்த்தது. ஒரு பேராசிரியரும் வரவில்லை. ரேடியோவில் அந்தப் பக்கத்தை வாசித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜூஸ் கடைக்காரர் அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினார். வரிசை நடைபாதை வரைக்கும் நின்றது.

"இதுவரைக்கும் வந்ததுலயே இதுக்குத்தான்க்கா கடிதம் அதிகம்" என்று நேற்று ராத்திரி போனில் சின்னவள் குதித்தாள். பெரியவள், "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். ஈறில் இரத்தம் வரும்வரை தேய்த்தாள்.

இளம் டாக்டர் போன பிறகும் அவளுக்கு வேலை ஓடவில்லை. பதினோரு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவள் பெயர் இருக்கிறது. ஒன்றை அச்செடுத்து ஒருமுறை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இங்கிலீஷ்ல இருக்கேம்மா" என்று பத்திரமாக அலமாரியில் வைத்தார், அத்தோடு சரி. சின்னவள் பக்கத்தை மட்டும் வாராவாரம் ஸ்கேல் வைத்து ஓரம் பிசகாமல் கத்தரித்து, தேதி போட்டுக் கோப்பில் சேர்க்கிறார். சின்னவள் அவருக்குக் குட்டி. குட்டி என்றால் அப்பாவுக்கு உசத்தி. அவள் தொட்டிலில் கிடந்தபோதே அப்படித்தான்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. வீட்டுக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வியாபார நேரத்தில் லேசில் கூப்பிடாத மனிதர்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க."

"உங்கப்பா கடைக்கு வந்திருக்கார். எழுத்தெல்லாம் ஆடுதாம். கண்ணாடியை மாத்துன்னு ஒரே பிடிவாதம்."

"மாத்திக் கொடுங்க. அதுக்கு எதுக்கு எனக்குப் போன்?"

"பவர் மாறலை. ரெண்டு தடவை பாத்துட்டேன். போன மாசம் ஆறாவது வரி வரைக்கும் கடகடன்னு படிச்ச மனுஷன் இன்னிக்கு மூணாவது வரியில தடுமாறுறார். பின்மண்டை வலிக்குதுன்னு வேற பிடிச்சுக்கிட்டே இருக்கார். எனக்கு இது கண்ணு சமாச்சாரமாத் தெரியலை. கடையைச் சாத்திட்டுப் பக்கத்துக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ உடனே வா."

டாக்ஸியில் போகும்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். பாதி வழியில், எதிரே வந்த ஒரு வண்டியில் அடுக்கி வைத்திருந்த பீட்ரூட் மூட்டையைப் பார்த்ததும் அப்பாவின் மாத்திரை டப்பா நினைவுக்கு வந்தது. இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். அப்பாவாவது, மாத்திரையை விடுவதாவது!

கிளினிக்கில் ஒரே ஒரு கட்டில்தான். அதில் விரித்த காகிதம் சரசரக்க அப்பா படுத்திருந்தார். எழுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். படுத்துக்கொண்டே சுவரில் இருந்த மின்விசிறி ஸ்விட்ச் கோணலாக இருப்பதை மாப்பிள்ளையிடம் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

கையில் கட்டிய பட்டையைக் கழற்றிக்கொண்டே டாக்டரம்மா நிமிர்ந்தார். "நீங்கதான் மூத்த பொண்ணா? மேல இருநூத்தி எட்டு. கீழ நூத்தி இருபது. நல்லவேளை, ஈ.சி.ஜி. சரியா இருக்கு. இன்னும் நாலு நாள் இப்படியே விட்டிருந்தா நீங்க பெரிய ஆஸ்பத்திரியிலதான் இவரைப் பாத்திருப்பீங்க. மாத்திரை யார் பொறுப்பு?"

"நான்தான் டாக்டர். ஞாயித்துக்கிழமை ஏழு நாளுக்கும் பிரிச்சு டப்பாவுல போட்டு வச்சிடுவேன்."

"டப்பா மேல தப்பு இல்லை" என்றார் அப்பா. "நான்தான் சனிக்கிழமையில இருந்து எடுக்கலை."

"எடுக்கலையா! ஏன்?"

"பீட்ரூட் குடிக்கிறேன்." அதைச் சொல்லும்போது அப்பா குரலில் ஒரு பெருமை. "காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், அளவு பாத்துத்தான். மாத்திரையை எல்லாம் வீணாக்கலை, காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணுக்குப் போனாக்கூடச் சிவப்பாப் போச்சு. சரி, உள்ள நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

டாக்டரம்மா பட்டையைச் சுருட்டி மேஜையில் போட்டார். "பெரியவரே, இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா அழுத்தம் பழைய இடத்துக்கு வராது. அதுக்கும் மேல எகிறும். பீட்ரூட் நல்ல காய்கறிதான், நானும் சாப்பிடறேன். அதுக்காக இருநூத்தி எட்டை அது இறக்குமா?"

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பெரியவள் நெஞ்சில் முதலில் எழுந்தது பயம் இல்லை. சின்னவள் மாட்டினாள் என்ற ஒரு குளிர்ச்சி. ஒரு நொடிதான். அடுத்த நொடி அப்பாவின் கால் கண்ணில் பட்டது. ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இருந்தது. காலையில் தலைவலியோடு குனிய முடியாமல் இன்னொன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் குளிர்ச்சி அப்படியே கல்லாக மாறிக் கீழே இறங்கியது.

கல் இறங்கினால் வாய் சும்மா இருக்க வேண்டும். அவள் வாய் இருக்கவில்லை. அரை மணி நேரத்தில் சின்னவள் தலை கலைந்து, கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு ஓடிவந்து நின்றதும் பெரியவள் ஆரம்பித்தாள்.

"வா. வந்து பாரு. உன் பக்கத்தைப் படிச்சவரு படுத்திருக்கார் பாரு."

"அக்கா, அப்பாவுக்கு இப்போ எப்படி..."

"மாத்திரைக்கு மாற்றாம்! ஊரே கைதட்டுச்சே. இப்போ தட்டச் சொல்லு. கேடயத்தைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டுல வை!"

"இரும்மா, இது கிளினிக்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. அவ என்ன எழுதினாலும் வேதம் இந்த வீட்டுல. கத்தரிச்சுக் கத்தரிச்சுக் கோப்புல வைக்கிறார் இல்ல? அதான், குடிச்சும் பாத்துட்டார்."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அப்பா முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். காகிதம் கிழிந்தது.

"பெரியவளே, குட்டியை எதுக்குத் திட்டற? அவ எழுதறதை நான் என்னிக்கு அப்படியே நம்பினேன்?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் வேலை பாத்தவன் நான். ஒருத்தன் கயிறு மாட்டுவான். மாட்டினவனே சரியா இருக்குன்னு சொன்னா லிஃப்ட் ஓடக்கூடாது. வேற ஒருத்தன் மேல ஏறி, இழுத்துப் பாத்து, கார்டுல ரெண்டாவது கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து இல்லாத லிஃப்ட்ல நான் கால் வச்சதே இல்லை. பதினாலு மாடி படியேறிப் போயிருக்கேன். குட்டி நல்லாத்தான் எழுதறா. ஆனா எழுதினவளே சரின்னு சொன்னா ஆச்சா? சனிக்கிழமை காலையில பேப்பர் வந்ததும் அவளுக்குப் போன் போடுவேன். என்ன கேப்பேன்னு அவளையே கேளு."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "'அக்கா பாத்தாளா?' அவ்வளவுதான் கேப்பார். 'பாத்தாச்சுப்பா, டிக் போட்டாச்சு'ன்னு சொல்லுவேன். உடனே வச்சிடுவார். ஆறு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா எழுதியிருக்கேன்னு என்கிட்டச் சொன்னதில்லை. உன் பேரைக் கேட்ட பிறகுதான் கத்தரிக்கோலையே எடுப்பார். எனக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா?"

பெரியவளுக்கு இப்போதுதான் விளங்கியது. ஆறு வருடமாக வாராவாரம் அப்பா கத்தரித்துச் சேர்த்தது தன்னுடைய டிக்கையா! இத்தனை நாள் தனக்கு வராத கடிதத்துக்காகத் தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கடிதம் அடுத்த வீட்டுப் பெட்டியில் வாராவாரம் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

"குட்டி சொன்னா, பெரியவ டிக் போட்டாச்சுன்னு. அப்புறம் எனக்கென்ன பயம்? விட்டேன் மாத்திரையை." அப்பா மறுபடி சாய்ந்துகொண்டார். "சரி விடு. அன்னிக்கு விழா, நாள் பூரா அலைச்சல். கண் அசந்திருக்கும். வேலைன்னா வர்றதுதான்."

"நான்தான்ப்பா அவசரப்படுத்தினேன்" என்றாள் சின்னவள். "அக்கா மேல தப்பில்லை. ராத்திரி ஏழு மணிக்கு அனுப்பினா யாருக்குத்தான் பாக்கத் தோணும்."

கதவு திறந்தே இருந்தது. ஆமாம், கண் அசந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே போய்விடலாம். அப்பாவே திறந்துவிட்ட கதவு. தங்கை வேறு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரியவள் வாங்கவில்லை.

"கண் அசரலை" என்றாள்.

"என்னக்கா?"

"நான் பாத்தேன். ஒரு வரி விடாமப் பாத்தேன். முப்பத்து நாலு பேருன்னு தெரியும். எல்லாம் ஓடியாடற காலேஜ் பசங்கன்னு தெரியும். நாலு புள்ளிதான் இறங்கிச்சுன்னு தெரியும். மாத்திரை சாப்பிடறவங்களைக் கிட்டக்கூடச் சேர்க்கலைன்னு தெரியும். ஜூஸ் கம்பெனி செலவுன்னும் தெரியும்."

"தெரிஞ்சேவா டிக் போட்ட?"

"தெரிஞ்சே போட்டேன்."

"தலைப்பு உறுத்துதுன்னு நானே எழுதியிருந்தேனேக்கா."

"அதையும் படிச்சேன்."

"ஏன்?"

பெரியவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "பொறாமை. வேற என்ன. மேடையில சமையலறைன்னு சொன்ன. எங்கக்கா சமையலறைன்னு சொல்லலை. நீ ஒரு தடவை விழணும், விழுந்து என்கிட்ட வரணும்னு இருந்துச்சு."

வாயை விட்டு வெளியே வந்ததும் அது எவ்வளவு அற்பம் என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு வாரமாக உள்ளே மலை போல உட்கார்ந்திருந்தது இதுதானா என்று இருந்தது.

சின்னவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

"மேடையில உன் பேரைச் சொல்லாதது தப்புதான். எழுதி வச்சிருந்தேன். பேசறப்போ, எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்ததுதான்னு சொன்னா இவ ஒண்ணுமில்லைன்னு ஆயிடுமோன்னு பயம் வந்துடுச்சு, விட்டுட்டேன். இறங்கி வந்ததும் நீ என்னை நாலு அறை விட்டிருந்தாக்கூட வாங்கியிருப்பேன்க்கா. ஆனா இந்தப் பக்கத்தைப் படிக்கிறது நான் இல்லையே. அப்பா மாதிரி இன்னும் எத்தனை பேர் சனிக்கிழமையில இருந்து மாத்திரையை மடிச்சு வச்சிருக்காங்களோ. அவங்களுக்கெல்லாம் கண்ணாடிக் கடை வச்ச மாப்பிள்ளை இருக்காரா?"

 பெரியவளுக்குக் காலையில் பார்த்த காவலாளியின் சிவப்புப் பாட்டில் நினைவுக்கு வந்தது. அவருக்கு என்ன வயது, என்ன மாத்திரை என்று தெரியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வாசலில் இருப்பவரிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். இளம் டாக்டரைக் கூப்பிட்டு அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். இரண்டு பேரைத்தான் அவளால் எட்ட முடிந்தது.

சின்னவள் வெளியே படியில் நின்று பத்திரிகை ஆசிரியரிடம் போனில் பேசினாள். திரும்பி வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"ஆறு மணிக்கு அச்சுக்குப் போகுது. முதல் பக்கத்துல திருத்தம் போட ஒத்துக்கிட்டார். ரேடியோவுக்கும் சொல்லச் சொல்லிட்டேன். பக்கத்தை வெளியில யார் சரிபாத்ததுன்னு கேக்கறார். நான் சொல்லலை. யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன்."

"என் பேரைச் சொல்லிடு."

"என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." முதல் தடவையாக அவள் குரல் தடித்தது.

அப்பா இதற்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தூங்கும்போது வாய் திறந்திருக்கும், இப்போது இறுக மூடியிருந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தார். நான்கு மணிக்கு டாக்டரம்மா மறுபடி பட்டையைக் கட்டினார். கொடுத்த மாத்திரையில் நூற்று எழுபத்து நான்குக்கு இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போகலாம், நாளைக்குக் காலையில் மறுபடி வரவேண்டும், கண் டாக்டரையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றார். வீட்டுக்காரர் டாக்ஸி பிடிக்கப் போனார்.

பெரியவள் குனிந்து அப்பாவுக்குச் செருப்பை மாட்டப் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான்.

"குட்டி" என்றார். "இனிமே ஞாயித்துக்கிழமை நீ வா. மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு அக்காகிட்டக் கேட்டுக்கோ."

 அம்மா போன நாளிலிருந்து எட்டு வருடம். காய்ச்சலில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகூடப் பெரியவள் அந்த டப்பாவை நிரப்பத் தவறியதில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அப்பா கோபப்படவில்லை. ஒரு மெக்கானிக்கை வேறு வேலைக்கு மாற்றுகிற மாதிரி சொல்லிவிட்டு, தானே செருப்பைத் தேடிக் காலை விட்டார்.

சின்னவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "சொல்லுக்கா."

"சமையலறை அலமாரியில ரெண்டாவது தட்டு. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி." பெரியவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "காலையில சாப்பிட்ட பிறகு வெள்ளை, முழுசா ஒண்ணு. ராத்திரி மஞ்சள். அது பாதிதான். நடுவுல கோடு இருக்கும், அதுல உடைச்சுப் போடணும்."

"ராத்திரி மஞ்சள், பாதி" என்று சின்னவள் எழுதினாள். பேனா நின்றது. தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தல் இல்லை, பழி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பாதிதானேக்கா? சரியாத்தானே சொல்ற?"

பெரியவள் தலையை ஆட்டினாள். 

"உள்ள போய் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு குட்டி" என்றார் அப்பா.

சின்னவள் நோட்டோடு உள் அறைக்குப் போனாள். அவள் கைப்பை நாற்காலியில் இருந்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவில்லை. பெரியவள் எடுத்துப் பார்த்தாள். திரையில் 'ஆசிரியர்' என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்று தங்கை சொன்னது காதில் இருந்தது. பெரியவள் பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

"என்னம்மா, யோசிச்சியா?" எதிர்முனை அவள் பேசக் காத்திருக்கவில்லை. "நீயா தெரியாமப் பண்ணினதுன்னா இந்த வாரத்தோட உன் பக்கத்தை நிறுத்தச் சொல்றாங்க மேல. பாத்து ஒப்புதல் கொடுத்த ஆள் ஒருத்தர் இருக்காருன்னா நான் உனக்காகப் பேச முடியும். அது யாரு? பேரும், வேலை பாக்கற இடமும் வேணும்."

வேலை பார்க்கிற இடம். மூன்றாவது மாடி, ஆராய்ச்சிப் பிரிவு, பதினாறு வருடம்.

உள்ளே டாக்டரம்மா ஏதோ சொல்வதும் சின்னவள் "சரிங்க டாக்டர்" என்பதும் கேட்டது. இன்னும் அரை நிமிடத்தில் அவள் வெளியே வந்துவிடுவாள். வந்தால் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

அப்பா எழுந்து நின்று, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பெரியவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோங்க சார்" என்றாள் பெரியவள்.